புங்கன் கழுத்தில் கயிறு, குழாயடியில் சேறு: பொதுத் தோட்டத்தில் இந்த வாரம்

வணக்கம் மக்களே. இன்று கதையெல்லாம் அப்புறம், முதலில் கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன், இதைப் பாருங்கள். நம் பொதுத் தோட்டத்துப் புங்கன், கடைசி வரிசையில் மூன்றாவது. தண்டில் என் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு சுற்றி ஓடுகிறதே, தெரிகிறதா? அது நைலான் கயிறு. நட்ட அன்று முட்டுக்கம்போடு சேர்த்து யாரோ இறுக்கிக் கட்டியது. மரம் பருத்தது, கயிறு பருக்கவில்லை, அப்படியே பட்டைக்குள் இறங்கிவிட்டது. காலையில் இதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை.

இலையைப் பாருங்கள், நல்ல பச்சை. அதுதான் ஏமாற்றிவிடுகிறது. வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது உள்ளே இருக்கிற கட்டை வழியாக. இலை தயாரிக்கிற உணவு வேருக்கு இறங்குவது உள்பட்டை வழியாக. கயிறு முதலில் நெரிப்பது இந்த உள்பட்டையைத்தான். அதனால் மேலே எல்லாம் செழிப்பாகத் தெரியும், கீழே வேர் பட்டினி கிடக்கும். கயிற்றுக்கு மேலே தண்டு புடைத்திருக்கிறது பாருங்கள், இறங்க வழியில்லாத உணவு அங்கேயே தேங்கி வந்த புடைப்பு அது.

நல்ல வேளை, இது முழுச் சுற்றும் இறங்கவில்லை. முடிச்சை அவிழ்க்கவே முயலவில்லை நான், நாலு இடத்தில் கத்தரியால் வெட்டினேன், தானாக வந்த துண்டுகளை மட்டும் உருவினேன். ஒரு விரல் நீளம் உள்ளேயே மாட்டிக்கொண்டது, அதைத் தோண்டவில்லை, தோண்டினால் மிச்சப் பட்டையும் போய்விடும். காயத்தில் ஒன்றும் பூசவும் இல்லை. தாரோ பெயிண்டோ பூசினால் ஆறும் என்று நிறையப் பேர் கமெண்டில் சொல்வீர்கள், தெரியும். வேண்டாம். மரம் ஓரத்திலிருந்து தானே மூடிக்கொண்டு வரும்.

எனக்கு நைலான் கயிறே பிடிக்காது, பழைய வீடியோக்களில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அகலமான பழைய சைக்கிள் டியூப் துண்டு போதும், கம்புக்கும் செடிக்கும் நடுவே எட்டு வடிவத்தில் ஒரு சுற்று, அதுவும் தண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். செடி காற்றில் ஆட வேண்டும். ஆடினால்தான் தண்டு தடிக்கும், வேர் பிடிக்கும். ஒரு வருடம் ஆனதும் கம்பு, கட்டு இரண்டையும் எடுத்துவிட வேண்டும். தானாக நிற்கிற கன்றுக்குக் கம்பே தேவையில்லை.

சரி, இத்தனை பேர் இருக்கிற குழுவில் இதை ஏன் யாரும் கவனிக்கவில்லை? மூன்று வாரமாகத் தண்ணீர் முறைக்கு ஆள் வரவில்லை, அதனால்தான். நடுகிற அன்று அறுபது பேர், கடப்பாரை போதவில்லை. இப்போது கேட்டால் வேலை, வெயில், ஊரில் இல்லை என்கிறார்கள். நானும் அவர்கள் மேல் கோபமாகத்தான் இருந்தேன், போன வீடியோவில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். போன புதன்கிழமை என் முறைக்குப் போனபோதுதான் விஷயமே புரிந்தது.

ஹோஸ்! குழாயில் மாட்டுகிற இடத்தில் ஒழுக்கு. திறந்தவுடன் பாதித் தண்ணீர் காலடியிலேயே கொட்டுகிறது, குழாயடி முழுக்கச் சேறு, செருப்பு உள்ளே போனால் வெளியே வருவதில்லை. நடுவில் ஹோஸ் படாரென்று பிடுங்கிக்கொண்டு தெறிக்கிறது, திரும்ப ஓடி வந்து மாட்ட வேண்டும். காலையில் வேலைக்குப் போகிற உடுப்போடு வருகிறவர் அடுத்த முறைக்கு எப்படி வருவார்?

அன்றே உட்கார்ந்துவிட்டேன். முதலில் பழைய துணி சுற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை. ரப்பர் பட்டை, அதுவும் நிற்கவில்லை. புது கிளாம்ப் வாங்கி முறுக்கினேன், ஒழுக்கு குறைந்தது, ஆனால் நின்றபாடில்லை. அப்புறம் பார்த்தால் ஹோஸின் நுனி வெயிலில் காய்ந்து வெடித்திருக்கிறது, வெடித்த இடத்தின் மேல் எந்தக் கிளாம்ப் பிடிக்கும்? ஒரு சாண் வெட்டி எறிந்தேன். புது நுனி இணைப்பில் ஏறவே மாட்டேன் என்றது. வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தேன், இளகிச் சுளுவாக அடிவரை ஏறியது, அப்படியே கிளாம்பை முறுக்கினேன். ஒரு நிமிடம் இருங்கள், வாஷரைச் சொல்ல மறந்துவிட்டேன்: குழாய்ப் பக்கத்து வாஷரும் தேய்ந்து தட்டையாகியிருந்தது, கிளாம்புக்கு முன்னாலேயே அதை மாற்றிவிட்டேன். இப்போது பாருங்கள், முழுதாகத் திறக்கிறேன். ஒரு சொட்டு? ஒரு சொட்டுக்கூட இல்லை! இதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நேற்றும் இன்றும் தண்ணீர் முறைக்கு ஆள் வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை, சரி செய்த வீடியோவைக் குழுவில் போட்டேன், அவ்வளவுதான்.

எலினோர் ஆஸ்ட்ரம் பற்றி முன்பு ஒரு தடவை பேசியிருக்கிறேன், 2009-இல் பொருளாதார நோபல் வாங்கியவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். பொதுச் சொத்தை மக்களே சேர்ந்து பராமரிக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆய்வு. அவர் எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமம். குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குச் சொந்தத் தீவனம் போட முடியுமோ அத்தனை மாட்டைத்தான் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று 1517-லேயே எழுதி வைத்த ஊர். அந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டிலேயே கணக்குத் தெரிந்துவிடுகிறது. புழங்குகிறவர்களே விதி போட வேண்டும், அவர்களே கண்காணிக்கவும் வேண்டும் என்பார் ஆஸ்ட்ரம். நம் முறைப் பட்டியலை நான் தனியாக உட்கார்ந்து போட்டேன், அதுதான் தப்பு. இனி அவரவர் நாளை அவரவரே எழுதட்டும். முறைக்கு வருகிறவர் தண்ணீர் விடுகிற மரத்தின் தண்டை ஒரு தடவை கையால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும், கட்டு இறுகியிருந்தால் விரலுக்கே தெரிந்துவிடும்.

சருகு! மூடாக்கைச் சொல்லாமல் போகப் பார்த்தேன். கூட்டிய சருகை யாரோ தண்டை ஒட்டிக் குவித்திருக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள், பட்டை ஈரத்திலேயே ஊறி அழுகும். நாலு விரல் கனத்துக்குப் பாத்தி முழுக்கப் பரப்புங்கள், தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். எரிக்கவே எரிக்காதீர்கள், அந்தப் புகையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

மீதி மரங்களின் கட்டுகளை ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம், கத்தரி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், டியூப் துண்டுகளை நான் வெட்டி வைக்கிறேன். புதன்கிழமை என் முறை. தண்ணீர் விட்டுவிட்டு இந்தப் புங்கனை மறுபடி காட்டுகிறேன்.