எது காய்க்கிறதோ அதுதான் புளி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகர் மணிலாவுக்குத் தெற்கே 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் லாஸ் பான்யோஸ் என்ற ஊர் வரும். 1960-இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. நம் எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். வேலை நிமித்தமாக நானும் அந்த ஊரில் சில வருடங்கள் குடியிருந்தேன். அங்கே சோற்றோடு சேரும் புளிப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் வீடுகளில் மாங்காய், தக்காளி, எலுமிச்சை எல்லாம் இருந்தாலும், குழம்பு என்று வந்துவிட்டால் கை தானாகப் புளிச் சட்டிக்குத்தான் போகும். அங்கே அப்படி ஒரே புளி கிடையாது. புளிப்புக்கென்று ஒரு தோப்பே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கார அம்மாவை நாங்கள் நானாய் என்றே கூப்பிடுவோம். தகலோக் மொழியில் அம்மா என்று பொருள். அவர் சினிகாங் என்ற புளிப்புக் குழம்பு வைப்பதை அடுப்பங்கரையில் நின்று பார்த்தேன். அரிசியை இரண்டாம் முறை களைந்த தண்ணீரைக் கொட்டாமல் பானையில் எடுத்து வைத்தார். எங்கள் பாட்டியும் அப்படித்தான் செய்வார், பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. பச்சைப் புளியங்காயை முழுசாக வேகவைத்து, தோல் வெடித்ததும் கரண்டியால் மசித்து, சாற்றை வடிகட்டினார். களைந்த தண்ணீரில் பன்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது. அதில் சேப்பங்கிழங்கைப் போட்டார். கிழங்கு பாதி கரைந்து சாறு கொஞ்சம் கெட்டிப்பட்டது. அப்புறம் முள்ளங்கி, நீளக் காராமணிக்காய், கீறாத பச்சைமிளகாய். கடைசியில் புளிச்சாறும் ஒரு பிடி கங்குங் கீரையும். நம் வள்ளைக்கீரைதான் அது; இலங்கையிலும் கங்குன் என்றுதான் சொல்வார்கள். மஞ்சள் இல்லை, தாளிப்பு இல்லை.

முதல் வாய் வைத்ததும் என் கண்கள் சுருங்கிவிட்டன. நானாய் சிரித்துக்கொண்டே, "மாஆசிம்?" என்று கேட்டார். புளிக்கிறதா என்று அர்த்தம். முகம் சுளிக்க வைத்தால்தான் சினிகாங் சரியாக வந்திருக்கிறது என்பது அவர் கணக்கு.

அடுத்த முறை அதே சினிகாங்கில் புளியங்காய் இல்லை. கொல்லையில் கமியாஸ் கொத்துக்கொத்தாகக் காய்த்திருந்தது. நாம் பிலிம்பி என்கிறோமே, அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும் பச்சைக் காய், அதுதான். இன்னொரு நாள் பழுத்த கொய்யாவைப் போட்டுக் கொதிக்கவிட்டார். புளிப்பு மட்டுப்பட்டு, வீடெல்லாம் கொய்யா வாசம். மாங்காய்ப் பருவத்தில் மாங்காய், சந்தோல் என்ற பழத்தின் காலத்தில் சந்தோல். எது காய்க்கிறதோ அதுதான் அன்றைய புளி.

விசாயாஸ் தீவுகளில், குறிப்பாக இலோய்லோ பக்கம், பத்துவான் என்று ஒரு காய். மங்குஸ்தானுக்கும் நம் குடம்புளிக்கும் உறவு. அதைப் போட்டு ஒரு குழம்பு வைப்பார்கள். கருந்துவரை, பன்றி இறைச்சி, பலாப்பிஞ்சு மூன்றும் சேரும். துவரையும் பலாப்பிஞ்சும் ஒரே சட்டியில் வேகும் அந்த வாசனையில் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

பழம் இல்லாத இடத்தில் காடி, அதாவது வினிகர், வருகிறது. தென்னங்கள்ளைப் புளிக்கவிட்டால் காடி. நீப்பா என்னும் சதுப்புநிலப் பனையின் பதநீரிலும் காடி. அதற்குப் புலாக்கான் மாகாணத்துப் பவோம்போங் பேர்போனது. வடக்கே இலோக்கோஸ் பக்கம் கரும்புச் சாற்றுக் காடி. வெயில் நாட்டில், குளிர்பெட்டி இல்லாத காலத்தில், இறைச்சி கெடாமல் இருக்க இதைவிட நல்ல வழி ஏது? அந்த வழியில் வந்ததுதான் அடோபோ. காடி, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை போட்டு இறைச்சியை வேகவைப்பது. பெயர்தான் ஸ்பானியர் வைத்தது. 1613-இல் அச்சான தகலோக் அகராதியே இதை உள்ளூர்க்காரர்களின் அடோபோ என்று பிரித்துச் சொல்கிறது. இன்று எல்லோரும் ஊற்றும் சோயா சாஸ் சீன வணிகர்கள் வழி வந்தது. அது சேராத வெள்ளை அடோபோதான் எனக்குப் பிடிக்கும். காடி ஊற்றினால் கொதி வரும்வரை கரண்டி போடக்கூடாது என்று நானாய் என் கையைத் தட்டிவிட்டது இன்னும் நினைவிருக்கிறது. கிளறினால் பச்சை வாடை தங்கிவிடுமாம்.

பழங்களுக்கு வருவோம். மாம்பழத்தை அவர்கள் மங்கா என்கிறார்கள். நம் மாங்காய் மலாய் மொழி வழியாகக் கடல் தாண்டிப் போன சொல் அது. பச்சை மாங்காயை நாம் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்போம். அவர்கள் பகோங் என்ற புளிக்கவைத்த கூனிறால் விழுதைத் தொட்டுக்கொள்வார்கள். கீமாரஸ் என்ற சின்னத் தீவின் மாம்பழம் நாடு முழுக்கப் பேர்பெற்றது. மாங்கொட்டை வண்டு நுழைந்துவிடக் கூடாது என்று வெளியூர் மாம்பழத்தை அந்தத் தீவுக்குள் விடுவதே இல்லை.

சீத்தாப்பழம், கொய்யா, சப்போட்டா மூன்றும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. 1565 முதல் 1815 வரை அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் காட்டிய வழி அது. திரும்பிப் போன கப்பலில் மணிலா மாம்பழம் மெக்சிகோவுக்குப் போனது. அங்கே இன்றும் அதன் பெயர் மணிலாதான்.

லான்சோனெஸ் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபரில் கமிகின் தீவில் அதற்குத் திருவிழாவே உண்டு. உரிக்கும்போது விரலில் பால் ஒட்டும், உள்ளே கண்ணாடி போன்ற சுளை. தோலை நானாய் எறிய மாட்டார். வெயிலில் காயவைத்து, சாயங்காலம் கொசுவுக்குப் புகை போடுவார்.

ஒருவரை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மரியா ஒரோசா. அமெரிக்காவில் சியாட்டிலில் படித்துவிட்டு, வந்திறங்கும் டப்பா உணவை நம்பி நாடு இருக்கக்கூடாது என்று திரும்பி வந்த உணவு விஞ்ஞானி. தக்காளிக்குப் பதில் உள்ளூர் வாழைப்பழத்தில் கெச்சப் செய்தார். கலமன்சி எலுமிச்சையைப் பொடியாக்கினார். போர்க்காலத்தில் சோயா மாவுச் சத்துணவைக் கைதி முகாம்களுக்கு மறைவாக அனுப்பினார். 1945 பிப்ரவரியில் மணிலா போரில் குண்டுவீச்சுக்குப் பலியானார். அவர் நம்பியது கொல்லையில் காய்ப்பதைத்தான். இன்று பல வீடுகளில் சினிகாங் பொட்டலப் பொடியில் வேகிறது. அவசரத்துக்குச் சரி. ஆனால் பத்துவான் மரத்தைத் தேடும் கை குறைந்துபோவதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

உங்கள் வீட்டில் பிலிம்பி மரம் இருந்தால், காய் உதிர்ந்து வீணாக விடாதீர்கள். ஒரு கை பறித்து, அரிசி களைந்த தண்ணீரில் வேகவைத்து மசியுங்கள். இரண்டு துண்டு மீன், ஒரு முள்ளங்கி, உப்பு, கீறாத பச்சைமிளகாய் போதும். தாளிக்க வேண்டாம். சூடான சோற்றில் ஊற்றிச் சாப்பிடுங்கள்.

வணக்கம்.