கோரல் லைட்டுக்குக் காசைக் கொட்டும் முன் இதைப் பாருங்கள்: பெட்டியில் இருக்கும் லூமன் எண் எதற்கும் உதவாது!

(திரையில்: மேஜை மேல் இரண்டு விளக்குப் பெட்டிகள்)

வணக்கம் நண்பர்களே. இங்கே இரண்டு எல்இடி விளக்குகள் இருக்கின்றன. ஒன்றின் பெட்டியில் லூமன் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் அதில் பாதிகூட இல்லை. கோரல், அதாவது பவளம், வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் டேங்குக்கு எது நல்லது? முதல் பெட்டியைத்தான் பலரும் எடுப்பார்கள். பெரும்பாலும் அது தப்பான பெட்டி.

முன்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். கோரல் ஒரு விலங்கு. அதன் உடம்புக்குள் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைக்கிற உணவுதான் கோரலுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை தருகிறது. ஆக, நாம் வாங்குவது அலங்கார விளக்கு இல்லை, அந்த உயிருக்கான சாப்பாடு. பாடம் முடிந்தது!

இப்போது லூமனுக்கு வருவோம். அது மனிதக் கண்ணை வைத்துச் செய்த அளவு. 555 நானோமீட்டர் பச்சை ஒளிதான் நம் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரியும். அந்த ஒளி ஒரு வாட் இருந்தால் 683 லூமன். அதே ஒரு வாட், 450 நானோமீட்டர் நீலமாக இருந்தால்? வெறும் 26 லூமன் அளவுதான்! சக்தி ஒன்றுதான், நம் கண்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கோரலுக்கு வேண்டியதே அந்த நீலம். கடல்நீர் சிவப்பு ஒளியை மேல்மட்டத்திலேயே விழுங்கிவிடும். நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். லூமனைப் பார்த்து ரீஃப் லைட் வாங்குவது, மாட்டுத்தீவனம் நமக்கு ருசிக்கிறதா என்று வாயில் போட்டுப் பார்த்து வாங்குகிற மாதிரி.

பார்க்க வேண்டிய எண்ணின் பெயரே 'பார்' (PAR). 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை எண்ணிச் சொல்லும் அளவு அது. மஷ்ரூம் கோரல், சாஃப்ட் கோரல் வகைகளுக்கு 50 முதல் 100 போதும். பெரிய பாலிப் (கோரலின் வாயுள்ள குட்டி உடல்) உள்ள எல்பிஎஸ் வகைகளுக்கு 100 முதல் 200. அக்ரோபோரா மாதிரி சிறிய பாலிப் உள்ள எஸ்பிஎஸ் வகைகள்தான் 250, 350 என்று கேட்கும். அதனால் முதலில் கோரலை முடிவு செய்யுங்கள், அப்புறம் லைட். மஷ்ரூம் வளர்க்க அக்ரோபோரா லைட் வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் நடக்கிற மிகப் பெரிய வீண்செலவு என்பேன்.

(திரையில்: வெள்ளை விளக்கு அணைகிறது, நீலம் மட்டும்)

இதோ, எனக்குப் பிடித்த இடம். நீல வெளிச்சத்தில் கோரல் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிக்கிறதே, ஏன்? அதற்குள் இருக்கும் ஒளிர்புரதங்கள் நீலத்தை உள்வாங்கி வேறு நிறத்தில் வெளியே விடுகின்றன. பச்சை ஒளிர்புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962இல் ஒரு ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்தார். 2008இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் சிவப்பு நிறப் புரதம் விஞ்ஞானிகளிடம் இல்லாமலே இருந்தது. 1999இல் ரஷ்ய விஞ்ஞானிகள் ஒன்றை வெளியிட்டார்கள். எதிலிருந்து? டிஸ்கோசோமா என்ற மஷ்ரூம் கோரலிலிருந்து! மாஸ்கோவில் கடல் ஏது என்கிறீர்களா? மீன்தொட்டியில் வளர்ந்த உயிர்கள் இருந்தன. இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் செல்களுக்கு அடையாளம் வைக்கப் பயன்படும் ஒரு சிவப்பு, நம்மைப் போல் தொட்டி வைத்தவர்கள் புண்ணியத்தில் வந்தது. அதுவும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற, சும்மா கிடந்தாலும் பெருகுகிற அந்த மஷ்ரூமிலிருந்து. வீட்டில் "இதற்கு ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள். பலன் தருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

இதே ஜொலிப்பை வைத்துத்தான் கடையில் நம்மை மடக்குவார்கள். முழு நீல வெளிச்சத்தில் ரத்தினமாகத் தெரிந்த கோரல், வெள்ளையில் வெறும் பழுப்பாக நிற்கும். காசு கொடுக்கும் முன், "அண்ணா, கொஞ்சம் வெள்ளை லைட் போடுங்க" என்று கேளுங்கள்.

சரி, மின் கட்டணம். பழைய வகை 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் 2 யூனிட், மாதம் 60. தண்ணீரைச் சூடாக்குவதால் சென்னை வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் ஓட வேண்டும், அந்த யூனிட் தனி. 100 வாட் இழுக்கும் எல்இடி என்றால் மாதம் 24 யூனிட். டி5 குழல்விளக்கு நிழலே விழாமல் சீராக வெளிச்சம் பரப்பும், ஆனால் ஏறத்தாழ வருடம் ஒருமுறை குழல்களை மாற்ற வேண்டும்.

குறைந்த செலவுக்கு என் தேர்வு, 'பிளாக் பாக்ஸ்' என்கிற சீனத் தயாரிப்புதான். நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு, அவ்வளவே. 165 வாட் என்று போட்டிருப்பார்கள்; 55 எல்இடியை 3ஆல் பெருக்கிய கணக்கு அது, உண்மையில் இழுப்பது அதைவிடக் குறைவு. ஒன்று ஏறத்தாழ இரண்டடி நீளத்துக்குச் சரி. நான்கடித் தொட்டிக்கு இரண்டு மாட்டுங்கள். மின்விசிறி கொஞ்சம் இரையும். விலை உயர்ந்த ரேடியான், கெசில் பிராண்ட் விளக்குகள் எல்லாம் அமைதியானவை, ஒளியையும் அழகாகப் பரப்பும், செயலியில் சூரிய உதயம் வைக்கலாம். சிலவற்றில் மின்னல்கூட வெட்டும். கோரல் அதைப் பார்த்துக் கைதட்டப் போவதில்லை.

எதை வாங்கினாலும் முதல் நாளே முழு வேகத்தில் எரிய விடாதீர்கள். வெளிச்சம் திடீரென்று கூடினால் பாசி கோரலை விட்டு வெளியேறும், கோரல் வெளுத்துப் போகும். 30 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். வெளுத்த பிறகு லைட் போதவில்லை என்று இன்னும் கூட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்!

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாறை கட்டும் கடினக் கோரல்கள் இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணைதான். மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்தது என்று யாராவது விற்க வந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள்.

கடைசியாக, பார் மீட்டர். ஒருமுறை அளக்க அதைத் தனியாக வாங்குவது கட்டுப்படியாகாது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுங்கள். உங்கள் ஊரில் யாரிடம் மீட்டர் இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்று கமெண்டில் ஊர்ப் பெயரோடு போடுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.