யாருடைய ஆள் என்று கேட்காத நாடு

(மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசைகளை வெறுமையாக விட்டுவிட்டுப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலங்கை மேல் நடுத்தர வருமான நாடாக உயர்ந்தது. 2020 ஜூலையில் மறுபடியும் கீழ் நடுத்தர வருமான நாடாக இறங்கியது. இடையில் ஒரு வருடம் நாம் மேலே இருந்தோம் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ஏறிய அன்று கல்லடிப் பாலத்தில் யாரும் வெடி கொளுத்தவில்லை. இறங்கிய அன்று யாரும் அழவுமில்லை.

நடந்தது இவ்வளவுதான். உலக வங்கி ஆண்டுதோறும் ஜூலை முதலாம் திகதி நாடுகளைத் தனிநபர் வருமானத்தின்படி நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. 2019இல் மேல் நடுத்தர வகுப்புக்குள் நுழைய 3,996 டொலர் வேண்டியிருந்தது. நமது கணக்கு 4,060. உள்ளே போய்விட்டோம். அடுத்த ஆண்டு நமது வருமானம் 4,020 ஆகக் குறைந்தது. நுழைவுக் கோடோ 4,046க்கு ஏறியது. 26 டொலர் போதவில்லை. வெளியே வந்துவிட்டோம். ஒரு குடும்பம் ஒரு மாதம் மரக்கறி வாங்கக்கூடப் போதாத காசு அது.

வளர்ந்த நாடு, வளரும் நாடு என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம். அந்தச் சான்றிதழைக் கொடுக்கும் ஒற்றை அலுவலகம் உலகத்தில் எங்கும் இல்லை. உலக வங்கியே 2016இல் தனது புள்ளிவிபரத் தொகுப்பிலிருந்து அந்த இரண்டு பெயர்களையும் எடுத்துவிட்டது. உலக வர்த்தக அமைப்பில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. அங்கே ஒரு நாடு ‘நான் வளரும் நாடு’ என்று தானே அறிவித்துக்கொள்ளலாம். அறிவித்தால் சில சலுகைகள் உண்டு. வசதி வந்த பிறகும் வறியவர்களுக்கான அஸ்வெசும உதவிப் பட்டியலில் பெயரை விட்டுவைக்கும் மனிதரைப்போல, சிங்கப்பூரும் தென்கொரியாவும் நெடுங்காலம் அந்தப் பட்டியலில் இருந்தன. புதிய பேச்சுவார்த்தைகளில் இனி அந்தச் சலுகைகளைக் கேட்கமாட்டோம் என்று தென்கொரியா 2019இல்தான் சொன்னது. 2021இல் ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாடு அந்த நாட்டை வளர்ந்த நாடுகளின் குழுவுக்கு மாற்றியது. 1964இல் தொடங்கிய அந்த அமைப்பில் அப்படி மாற்றப்பட்ட முதல் நாடு தென்கொரியாதான்.

பரீட்சைக்காக வந்திருக்கும் பிள்ளைகள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வருமானம் மட்டும் போதாது என்று வாதிட்டு, பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் 1990இல் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணைக் கொண்டுவந்தார். அமர்த்தியா சென் அவருக்குத் துணை நின்றார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் அதில் சேரும். இதை எழுதினால் புள்ளி கிடைக்கும். நான் பேச வந்தது அதற்கு அப்பால் உள்ள ஒன்று.

காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் கல்முனையிலிருந்தும் வளைகுடாவுக்குப் போனவர்கள் இங்கே பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கத்தாரின் தனிநபர் வருமானம் ஐரோப்பாவின் பல நாடுகளைவிட அதிகம். உலக வங்கியின் கணக்கில் கத்தாரும் குவைத்தும் சவூதி அரேபியாவும் உயர் வருமான நாடுகள். ஆனால் சர்வதேச நாணய நிதியத்தின் முன்னேறிய பொருளாதாரங்களின் பட்டியலில், ஏறக்குறைய 40 பெயர்கள் உள்ள பட்டியலில், அந்த மூன்றும் இல்லை. வருமானம் எண்ணெயிலும் எரிவாயுவிலும் பெரிதும் தங்கியிருப்பது அதற்கு ஒரு காரணம். நமது ஊர்ப் பெண்கள் வேறொரு காரணத்தைச் சொல்வார்கள். அங்கே கபீல் என்று, வேலைக்கு எடுத்துப் பொறுப்பேற்கும் முதலாளி ஒருவர் இருப்பார். கடவுச்சீட்டு யார் கையில், வேலை மாறலாமா, ஊருக்குப் போகலாமா என்பதெல்லாம் அவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்தது. நல்லவர் வாய்த்தால் வீடு கட்டிவிடலாம். பொல்லாதவர் வாய்த்தால் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் படுக்க வேண்டியதுதான். கத்தார் 2020இல் சட்டத்தைத் திருத்தி, முதலாளியின் அனுமதியின்றி வேலை மாற இடம் கொடுத்தது. பணம் பெருகிப் பல ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் அது.

இந்தக் கபீல் விடயத்தில்தான் என் பேச்சே இருக்கிறது. ஒரு நாட்டின் வளர்ச்சியை அளக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யாரையும் தெரியாத ஒருவருக்கு அந்த நாட்டில் காரியம் நடக்குமா? மாமா கச்சேரி அலுவலகத்தில் இல்லை, மச்சான் கட்சியில் இல்லை, கையில் மேலதிகமாக ஐயாயிரம் ரூபாய் இல்லை. அப்படிப்பட்டவருக்குச் சொன்ன நாளில், சொன்ன விலையில், சொன்னபடி காரியம் நடந்தால் அது வளர்ந்த நாடு. கனடாவிலிருந்து விடுமுறையில் வரும் உறவினர்கள் முதலில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள், உண்மை. இரண்டாம் நாள் இங்கே ஒரு பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போய்த் திரும்பி வந்த பிறகு என்ன பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நமது நாடு எல்லா இடத்திலும் பின்தங்கியது என்று நான் சொல்லமாட்டேன். ஓர் இடத்தில் நாம் வளர்ந்த நாடாகி நீண்ட காலமாகிறது. அதை நாம் கவனிப்பதே இல்லை.

ஒரு பெண் கருவுற்றால், வாகரையில் இருந்தாலும் சரி, பொத்துவிலில் இருந்தாலும் சரி, மருத்துவ மாது அவளைத் தேடி வருகிறார். அவருடைய பிரிவில் யார் யார் கர்ப்பிணி என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும். வேலியைத் திறந்துகொண்டு வருவார், நாயை அதட்டுவார், அட்டையைக் கேட்டு வாங்குவார். நிறையைப் பார்ப்பார், காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார், இரத்த அமுக்கத்துக்குக் கிளினிக் வரவில்லையே என்று மாமியாருக்கு முன்னாலேயே ஏசுவார். ‘நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் கட்சி, கோயிலா பள்ளிவாசலா தேவாலயமா’ என்ற கேள்விகள் அந்த அட்டையில் இல்லை. அவருக்கு ஒரு வெற்றிலையும் கொடுக்கத் தேவையில்லை. போடியார் வீட்டு மருமகளுக்கும் வயலில் கூலிக்குப் போகிறவளுக்கும் ஒரே அட்டைதான்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்தது. 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 1,500 தாய்மார் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். இப்போது அது 30 அளவில் ஏறி இறங்குகிறது. உலகச் சராசரி இன்னும் 200ஐ ஒட்டியே நிற்கிறது. நமது பிறப்புநிலை ஆயுள் எதிர்பார்க்கை 77 ஆண்டுகள் அளவில் இருக்கிறது. நம்மைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு தனிநபர் வருமானம் உள்ள அமெரிக்கா நம்மைவிட ஓரிரு ஆண்டுகளே முன்னால் நிற்கிறது. உலகம் முழுவதும் அபிவிருத்தி பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கண்டு வியந்திருக்கிறார்கள். இலங்கையைப்போல ஆகவேண்டும் என்று சிங்கப்பூர் ஒரு காலத்தில் ஆசைப்பட்டதாகச் சொல்லப்படும் கதையை மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். அதை இங்கே சொல்வதாக இல்லை. இந்த மருத்துவ மாதுவின் கதைதான் எனக்கு அதைவிடப் பெரியது.

ஆனால் அதே பெண், பிள்ளையைப் பெற்று எழுந்து, காணிக்கு ஒரு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று போகட்டும். வீட்டுத்திட்டத்தில் பெயர் போடப் போகட்டும். மகனுக்கு ஒரு சிற்றூழியர் வேலை கேட்டுப் போகட்டும். வீட்டில் முதலில் எழும் கேள்வி என்ன? ‘அங்கே நமக்கு ஆர் இருக்கா?’ ஒரே பெண், ஒரே பிரதேச செயலகப் பிரிவு, ஒரே சைக்கிள். காலையில் வளர்ந்த நாட்டில் இருந்தவள் மத்தியானம் வேறொரு நாட்டுக்குள் போய்விடுகிறாள்.

கட்டடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய வீதி, பெரிய பாலம், துறைமுகம் வந்தால் வளர்ச்சி வந்துவிட்டது என்று நினைக்கிறோம். தெற்கே ஒலுவிலுக்குப் போய்ப் பாருங்கள். டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டி 2013இல் திறந்த துறைமுகம் அங்கே இருக்கிறது. அதன் வாயிலை மணல் அடைத்தது. வணிகக் கப்பல் வந்து போகும் துறைமுகமாக அது ஆகவில்லை. மீன்பிடிப் படகுகளும் வெளியேற முடியாமல் தவித்தன. வடக்குப் பக்கம் நிந்தவூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கல்லும் சீமெந்தும் குறையவில்லை. மணல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகரும் என்று அந்தக் கரையில் தோணி தள்ளியவனுக்குத் தெரியும். அவனுக்கு அந்தத் திட்டத்தில் யாரையும் தெரியாது.

இனிப் பாலுக்கு வருகிறேன். விவசாய நாடு என்றால் வளர முடியாது, தொழிற்சாலை வந்தால்தான் வளரலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. நியூசிலாந்தின் சனத்தொகை 50 இலட்சத்துக்குச் சற்று மேல், நம்மில் நான்கில் ஒரு பங்கு. அதன் பெரிய ஏற்றுமதி பாற்பொருட்கள். அதை வளராத நாடு என்று எவரும் சொல்வதில்லை. நாம் தயிருக்குப் பேர்போன மண்ணில் இருக்கிறோம். சித்தாண்டி, கிரான் பக்கம் வீதியோரத்தில் தயிர்ச்சட்டி அடுக்கியிருப்பதைப் பார்க்காமல் பஸ்ஸில் போக முடியாது. அந்தச் சட்டிகளுக்குப் பக்கத்திலேயே உள்ள தேநீர்க் கடையில் என்ன பாலில் தேநீர் போடுகிறார்கள்? நியூசிலாந்துப் பால்மாவில். 2021இலும் 2022இலும் அந்தப் பால்மாவுக்காக நாம் வரிசையில் நின்றோம், சுற்றிலும் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

நியூசிலாந்தின் மாடு ஒன்றும் தேவலோகத்துக் காமதேனு அல்ல. 1882இல் டுனெடின் என்ற கப்பல் குளிரூட்டிய இறைச்சியை அங்கிருந்து இலண்டனுக்குக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றிலிருந்து அந்த நாடு கெடுகிற பொருளைக் கெடாமல் வைத்திருப்பதையே தன் தொழிலாக்கிக்கொண்டது. இன்று அங்கே பண்ணை வாசலுக்குத் தாங்கி வண்டி வருகிறது. ஒவ்வொரு பண்ணையிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். பாலில் உள்ள கொழுப்புக்கும் புரதத்துக்கும் நிறைக் கணக்கில் விலை. பருவம் தொடங்கும்போதே எதிர்பார்க்கும் விலையைக் கூட்டுறவு நிறுவனம் எல்லோருக்கும் தெரிய வெளியிடுகிறது. சந்தைக்கு ஏற்ப அது மாறும்; மாறினால் எல்லோருக்கும் ஒன்றாகவே மாறும். பண்ணைக்காரர் யாருடைய மருமகன் என்பது அந்தக் கணக்கில் வராது.

இங்கே நமது பால்காரத் தம்பி விடியலில் கறந்த பாலை மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கானில் கட்டிக்கொண்டு ஓடுகிறார். வெயில் ஏறுவதற்குள் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரவேண்டும். பால்மானியை விட்டுப் பார்த்து, தண்ணீர் என்று சொல்லிவிட்டால் அவரால் எதிர்த்துப் பேச முடியாது. திருப்பிச் சோதிக்கச் சொல்ல வழி இல்லை. பிந்தினால் பால் திரிந்துவிடும். மிஞ்சியது தயிராகும். மட்டக்களப்புத் தயிர் நமது பெருமைதான், மறுக்கவில்லை; குளிர்ப்பெட்டி இல்லாத ஊரில் பாலைக் காப்பாற்றும் வழியும் அதுவே. மேய்ச்சல் தரையின் நிலைமையோ எல்லோருக்கும் தெரியும். மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல் தரையைக் காக்கக் கேட்டு 2023 செப்டம்பரில் வீதிக்கு வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த இடத்தில் நாளை மேய்க்கலாமா என்று தெரியாத மனிதர், குளிர்ப்பெட்டிக்குக் கடன் எடுக்க எப்படித் துணிவார்?

நெல்லிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் விலை அறிவிக்கும். ஈரப்பதன் 14 வீதம் என்ற நிபந்தனையும் இருக்கும். வெட்டு மெசின் வட்டையிலிருந்து இறக்கும் நெல் ஈரநெல். உலர்த்தக் களம் இல்லாதவர் வீதியில் பரப்புகிறார்; அதற்கும் இடம் இல்லாதவர் வரம்பிலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார். நெல் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய், அரிசியாகப் பெயர் அச்சிட்ட பையில் நமது கடைக்கே திரும்பி வருகிறது. அறிவித்த விலை பத்திரிகையில் உண்மை. வரம்பில் நிற்பவருக்கு அது வெறும் செய்தி.

காசு இல்லாமல் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது வைத்தியசாலைகளில் மருந்து இல்லை, தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. நல்ல ஏற்பாடும் வெறுங்கையோடு அதிக தூரம் போகாது என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது. ஆகவே வருமானக் கணக்கை நான் இகழவில்லை. ஆனால் 1926இல் நாம் பணக்கார நாடாக இருந்து மருத்துவ மாதுவை அனுப்பவில்லை. அன்றைய இலங்கை ஏழை. அதிலும் பிறருடைய ஆட்சியில் இருந்த ஏழை. வீட்டுக்கு வீடு போ, ஆளைப் பார்க்காதே, பதிவேட்டைப் பார் என்ற ஒழுங்கு முதலில் வந்தது. காசு பின்னால் வந்தது, இன்னும் முழுதாக வரவில்லை.

அந்த ஒழுங்கைப் பால் நிலையத்துக்கும் நெற்களத்துக்கும் காணிக் கந்தோருக்கும் கொண்டுபோக என்ன தடை என்பதுதான் நான் இந்தக் கூட்டத்தின் முன் வைக்கும் கேள்வி. பால் சோதனையின் முடிவை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுக்க எத்தனை டொலர் வேண்டும்? காணி விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பலகையில் ஒட்ட எந்த நாட்டின் கடனுதவி வேண்டும்? இங்கே ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் பலர் இருக்கிறீர்கள். உள்ளே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். பதிலை உங்களிடமிருந்தே கேட்க விரும்புகிறேன்; ஒலிவாங்கி வந்துகொண்டிருக்கிறது.