வைரம் எங்கே, சோறு எங்கே?

வீடு கட்டத் தொடங்கியிருக்கிற ஐயாமாரே, அம்மாமாரே, மேசன் தம்பிமாரே, வணக்கம்.

வன்னியில் பழைய வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தால் பனையில் அறுத்த வளை என்கிற தாங்குமரமும் பனஞ்சலாகையும் தெரியும். அதே பனையின் உள் நடுப்பகுதியில் ஒருவரும் வளை அறுக்கமாட்டார். பனைக்கு வேம்பு, முதிரை போல ஆண்டுதோறும் தடிக்கும் தண்டு இல்லை. நார்க்கற்றைகள் தண்டெங்கும் சிதறி, வெளிப்புறத்தில் நெருங்கி நிற்கின்றன. அது வைரம். உள்ளே இருப்பது சோறு. காற்றில் மரம் வளையும்போது இழுவையும் அமுக்கமும் அதிகம் விழுவது வெளிப்புறத்தில்தான். அங்கேதான் வைரமும் இருக்கிறது.

கொங்கிரீட்டிலும் இதே கணக்குத்தான், பலம் தேவையான இடத்தில் இருக்க வேண்டும். கொங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும். இழுவையில் அதன் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆகவே இழுபடும் பக்கத்தில் கம்பி போடுகிறோம். இரு சுவரில் தங்கும் பீமில் அது அடிப்பக்கம். சுவரிலிருந்து வெளியே நீட்டும் யன்னல் நிழற்தட்டில் மேற்பக்கம். கலவை கொட்டும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி அடிக்குப் போய்விட்டால், முட்டுக் கழற்றுகிற நாளிலேயே தட்டு முறியலாம். கம்பியும் சரி, கலவையும் சரி, இடம்தான் பிழை. கால் வைத்த கம்பித் தாங்கிகளால் தூக்கி நிறுத்துங்கள். மேலே நடக்கப் பலகை போடுங்கள்.

இனித் தண்ணீர். கூடுதலாகப் பிழை நடப்பது இதில்தான். 50 கிலோ சீமெந்துப் பை முழுதும் இறுகும்போது இரசாயனமாகப் பிடித்துக்கொள்வது 11, 12 லீற்றர்தான். இறுகிய சீமெந்தின் நுண்துளைகளில் தங்குவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 20. குழைக்க வசதிக்காக 25 லீற்றர் வரை விடலாம். 35 விட்டால் கலவை இலகுவாக ஓடும், ஆனால் மிஞ்சிய நீர் இருந்த இடமெல்லாம் ஒன்றோடொன்று தொடுத்த நுண்குழாய்களாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, பலம் குறையும், ஈரம் உள்ளே போகும். மாரியில் நனைந்த மணலையும் கணக்கில் எடுங்கள். 100 கிலோ மணலில் 5 வீத ஈரம் என்றால் 5 லீற்றர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதைக் கழித்துத்தான் வாளியைச் சரிக்க வேண்டும்.

கலக்கும்போது கூடக்கூடாத அதே தண்ணீர், இறுகிய பிறகு குறையக்கூடாது. சோளகக் காற்று அடிக்கும் நாளில் மேற்பரப்பு சில மணித்தியாலத்திலேயே காய்ந்து வெடிக்கும். அதனால் விடியற்காலையில் கொட்டி, உடனே மூடுங்கள். பிறகு குறைந்தது 7 நாள் ஈரச்சாக்கோ பாத்தி கட்டிய நீரோ நிற்க வேண்டும். பின்னேரம் ஒருதரம் தெளிப்பது போதாது. உலர்ந்த இடத்தில் சீமெந்து இறுகுவது நின்றுவிடும், துளைகள் அடைபடாமலே கிடக்கும்.

முல்லைத்தீவுக் கரைப்பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. உப்பு அந்தத் துளைகள் வழியாகத்தான் கம்பியை அடைகிறது. துரு, தின்ற இரும்பைவிட இருமடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அந்த அமுக்கத்தில் கொங்கிரீட் பிளந்து கழரும். அங்கே கம்பிக்கு வெளியே 40 மில்லிமீற்றருக்குக் குறையாமல் கொங்கிரீட் இருக்கட்டும். அந்த இடைவெளிக்கு ஓட்டுத்துண்டு, மரத்துண்டு வைக்காதீர்கள். நல்ல சீமெந்துச் சாந்தில் கட்டைகள் வார்த்து, அவற்றையும் நனைத்து இறுக வைத்த பிறகு வையுங்கள்.