துணைவேந்தரைச் சிறக்கச் செய்தது துறைப் புலமையே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களைச் சிறக்கச் செய்தது துறைப் புலமையா, நிர்வாக அனுபவமா?" என்பது இன்றைய தலைப்பு. நிர்வாக அனுபவமே என்று வாதிட்ட எதிரணித் தலைவர், தொடக்க காலத்தில் நீதிபதிகளே அப்பொறுப்பை வகித்தார்கள் என்றார்; கல்வித்துறை அதிகாரியான நெ.து. சுந்தரவடிவேலுவைக் காட்டினார், ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் நீடித்ததற்கு அவருடைய ஆளுந்திறனே காரணம் என்று முடித்தார். புலமையே என்பது எம் அணியின் கட்சி.

நீதிபதிகள் இருந்தது உண்மைதான். 1857இல் முதல் துணைவேந்தராக அமர்ந்த கிறிஸ்டோபர் ராலின்சன் தலைமை நீதிபதி. 1904இல் அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் எஸ். சுப்பிரமணிய ஐயரும் நீதிபதியே. ஆனால் அன்றைய பல்கலைக்கழகத்தின் வேலை என்ன? கல்லூரிகளை இணைத்துக்கொள்வது, தேர்வு நடத்துவது, பட்டம் வழங்குவது. விருப்பு வெறுப்பின்றித் தீர்ப்பளிக்கப் பழகியவருக்கு அது பொருந்திய வேலை. தானே பாடம் சொல்லும், ஆய்வு செய்யும் பணி இருபதாம் நூற்றாண்டில்தான் மெல்ல வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழு வடிவம் பெற்றது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் துணைவேந்தர் இருக்கைக்கு வந்தவர் இரகுபதி வெங்கடரத்தினம் நாயுடு. காக்கிநாடாக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய ஆசிரியர். பணி மாறியபோது ஆளும் மாறினார் என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி முதலியாருக்கு வருகிறேன். இந்த வழக்கின் உயிர்நிலை அவரிடம்தான் இருக்கிறது. அவர் மகப்பேறு மருத்துவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். மகப்பேற்று மருத்துவம் பற்றி அவர் எழுதிய பாடநூல், பிற்காலத்தவர் கைகளால் திருத்தம் பெற்று, தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்களுக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. அப்படிப்பட்டவர், தமக்குச் சற்றும் தொடர்பில்லாத இயற்பியல் துறைக்குத் தலைவர் தேவைப்பட்டபோது என்ன செய்தார்? நேரே சர் சி.வி. இராமனை அணுகினார். இராமன் தாம் வர இயலாதென்று சொல்லி, தம் மாணவர் ஜி.என். இராமச்சந்திரனைச் சுட்டிக்காட்டினார். அவர் அப்போது முப்பது வயதை ஒட்டிய இளைஞர். பணிமூப்புப் பட்டியலைப் புரட்டிப் பழகிய எந்த அலுவலகமும் அந்த வயதில் ஒருவரைத் துறைத்தலைவராக்க ஆயிரம் முறை யோசித்திருக்கும். முதலியார், அறிஞர் ஒருவர் அறிஞர் ஒருவரைப் பற்றிச் சொன்ன சொல்லை நம்பினார். 1952இல் துறையை அந்த இளைஞரிடம் ஒப்படைத்தார்.

அதன் விளைவு இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு உலக ஆய்வகங்களுக்குப் பிடிபடாமல் இருந்த காலம் அது. கிண்டி வளாகத்தில் இருந்த இராமச்சந்திரன், அருகிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகக் கங்காரு வால் தசைநாணைப் பெற்று, எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்தார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் அது மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம் என்று 1954இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். 1963இல் அவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட 'இராமச்சந்திரன் வரைபடம்', ஒரு புரதத்தின் வடிவம் சரியாகக் கணிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 1969இல் முதலியார் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் அதிக காலம் கழியாமல் இராமச்சந்திரனும் பெங்களூருக்குச் சென்றார். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். யார்மீதும் பழி சொல்வது என் நோக்கமன்று. ஆனால் அவரை அழைத்து வந்தது எந்தத் தகுதி என்பதில் ஐயமில்லை. கோப்பு நகர்த்தும் திறனால் 27 ஆண்டுகள் நாற்காலியில் இருந்திருக்கலாம். அந்த ஆண்டுகளுக்கு இப்படியொரு பெயர் கிடைத்திருக்காது.

சுந்தரவடிவேலுவே எதிரணியின் வலிமையான சான்று. அதை மறைக்க நான் விரும்பவில்லை. அவர் அரசு அதிகாரிதான். எந்த அரசுத் துறை? இளமையிலேயே பள்ளி ஆய்வாளராகச் சென்று, ஊர்ப்புறப் பள்ளிகளில் ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்த்தவர். பின்னர்க் கல்வித்துறை இயக்குநராகி, காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் ஊர் ஊராகப் பரவ உழைத்தவர். வருவாய்த் துறையிலிருந்தோ காவல் துறையிலிருந்தோ அவர் துணைவேந்தராகப் போகவில்லை. அவருடைய கோப்புகள் எல்லாமே பள்ளிக்கூடத்தைப் பற்றியவை. அந்த அறிவை நிர்வாகக் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்வது எதிரணிக்கு வசதியாக இருக்கலாம், அவருக்கு நியாயமாகாது.

அவருக்குப் பின் 1975இல் வந்த மால்கம் ஆதிசேசையா, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர் என்பதால் அவரையும் எதிரணியினர் தம் பக்கம் இழுக்கக்கூடும். யுனெஸ்கோவுக்குப் போகும் முன்பே அவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர். பாரிசிலிருந்து திரும்பியவர் பெரும்பதவி எதையும் நாடாமல், 1971இல் தம் சொந்தப் பொருளையும் ஈந்து, அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த ஆய்வு நிறுவனத்திலிருந்துதான் அவர் துணைவேந்தர் பொறுப்புக்கு வந்தார். 1978இல் பொறுப்பை விட்ட பிறகும் வாழ்நாள் இறுதிவரை அதனோடு இணைந்தே இருந்தார். அவருக்கு அடுத்து வந்த ஜி.ஆர். தாமோதரனும் மக்களவை உறுப்பினராக இருந்தவர் என்றாலும், அதற்கு முன்பே பொறியாளர். தமிழில் அறிவியல் பரப்பக் 'கலைக்கதிர்' இதழை நடத்தியவர்.

இவற்றைச் சீர்தூக்கித் தீர்ப்பை எம் அணிக்கு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, நன்றி கூறி அமர்கிறேன்.