வலி தெரியாத பாதமும் ஷூவுக்குள் ஒரு காவலும்

நேயர்களுக்கு வணக்கம். ஷூவுக்குள் காலுக்கு அடியில் மெத்தென்று ஓர் அட்டை இருக்குமே, இன்சோல், அதற்குள் மெல்லிய சென்சார்களைப் பதித்து, பாதத்தில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று போனுக்கோ கைக்கடிகாரத்துக்கோ சொல்ல வைத்திருக்கிறார்கள். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுவதற்கா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு வேறு கருவிகள் நிறைய இருக்கின்றன. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு இது என்ன செய்யும் என்பதுதான் என் அக்கறை.

நின்றுகொண்டே இதைக் கேட்கிறீர்களா? இதற்குள் ஒரு தடவையாவது எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றியிருப்பீர்கள். யாரும் சொல்லவில்லை, கால் வலிக்கத் தொடங்கும் முன்பே உடம்பு பார்த்துக்கொண்டது. ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் புகுந்தால் நாலு அடிக்குள் நின்று உதறிவிடுகிறோம். கால் மரத்தவருக்கு அந்தக் கல் நாள் முழுக்க உள்ளேயே கிடக்கும், சாயங்காலம் சாக்ஸில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

டாக்டர் பால் பிராண்டைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நோய்தான் சதையை அரித்து விரல்களைத் தின்கிறது என்று நம்பிய காலத்தில், இல்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் கையையும் காலையும் அவர்கள் தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள், சேதம் அதனால்தான் என்று எடுத்துக்காட்டினார். 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஒரு சாக்ஸ் உருவானது, எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது. சாக்ஸ் துணி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சாயக் குமிழ்கள். போட்டுக்கொண்டு நடந்தால், அழுத்தம் எங்கே அதிகமோ அங்கே குமிழ்கள் உடைந்து நிறம் மாறும். பெருவிரலின் அடியில் திட்டாகச் சாயம் தெரிந்தால், புண் எங்கே வரப்போகிறது என்று புண் வரும் முன்பே தெரிந்துவிடும். பேட்டரி கிடையாது, போன் கிடையாது, பாருங்கள்!

ஆனால் சாக்ஸ் கழற்றிய பிறகுதான் பேசும். இன்சோல் நடக்கும்போதே பேசுகிறது. அதுவும் முக்கியம்தான், ஏனென்றால் ஓங்கி விழும் ஓர் அடி மட்டுமே ஆபத்து இல்லை. மிதமான அழுத்தமே ஒரே இடத்தில் நெடுநேரம் இருந்தால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, சதைக்கு ரத்தம் போகாது. 2019இல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறியவர்கள், எல்லாருக்கும் ஒரே இன்சோல்தான், ஆனால் ஒரு பாதிப் பேருக்கு மட்டும், ஓர் இடத்தில் அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் எச்சரிக்கை போனது. அவர்களுக்குத்தான் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. பங்கேற்றவர்கள் சில பத்துப் பேர்தான், பெரிய ஆய்வு இல்லை. இருந்தாலும் மறுபடியும் சொல்கிறேன், அட்டை எல்லாருக்கும் ஒன்றுதான். எச்சரிக்கையைக் கேட்டு உட்கார்ந்தார்களே, நாலு அடி நடந்தார்களே, பலன் அதனால் வந்தது. சத்தம் வந்ததும் அணைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். முதியவர்கள் தடுமாறி விழுவதைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், இன்னொரு நாள் பார்ப்போம். ஒன்று மட்டும்: இந்த அட்டை ஷூவுக்குள் இருக்கும்போதுதான் காவல். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. அதனால் தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், ஷூ போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், ஓர் இடம் மட்டும் சூடாகவோ சிவந்தோ இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.