போர்ன்மத்தில் ஒரு வாரம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

டென்னிஸைப் பற்றிப் பேச்சு என்றதும் விம்பிள்டன் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். விம்பிள்டனைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது இன்று இல்லாமல் போய்விட்ட ஒரு போட்டியை. இங்கிலாந்தின் தென்கரையில் போர்ன்மத் என்று ஓர் ஊர். அங்கே வெஸ்ட் ஹான்ட்ஸ் கிளப்பில், வசந்த காலத்தில் 'பிரிட்டிஷ் ஹார்ட் கோர்ட் சாம்பியன்ஷிப்' நடந்துவந்தது. இன்றைக்கு ஜோகோவிச்சும் அல்கராஸும் கோடிக்கணக்கில் பரிசு வாங்குகிறார்களே, அந்த ஏற்பாடு தொடங்கிய இடம் அதுதான். நாளும் தெரியும்: 1968 ஏப்ரல் 22, திங்கட்கிழமை.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெஞ்சு நோய்க்காரர்களுக்குக் கடல்காற்றும் பைன் மரக் காற்றும் நல்லது என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போர்ன்மத்தில் இரண்டும் இருந்தன. 1870-இல் ரயில் வந்தது, அப்புறம் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. நோயாளிகளுக்குப் பின்னால் விடுமுறைக்காரர்கள் வந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் நாள் முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பிற்பகலில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும், ஹோட்டல்காரருக்கு ஆள் குறைவான மாதங்களிலும் அறைகள் நிரம்ப வேண்டும். டார்கீ, ஈஸ்ட்போர்ன், ஸ்கார்பரோ என்று அந்த நாட்டுக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் டென்னிஸ் போட்டி நடந்ததற்கு இதுதான் காரணம். பிரான்ஸில் கான், மான்டோன் கதையும் இதேதான். அமெரிக்காவின் தேசியப் போட்டியே, இன்றைய யு.எஸ். ஓப்பனின் மூதாதை, 1881 முதல் 1914 வரை நியூபோர்ட் என்ற பணக்காரக் கடற்கரை ஊரில்தான் நடந்தது.

நம் போட்டி 1924-இல் டார்கீயில் தொடங்கி, 1927-இல் போர்ன்மத்துக்கு வந்தது. ஹார்ட் கோர்ட் என்றதும் இன்றைய சிமென்ட் தரையை நினைத்துவிடாதீர்கள். புல் அல்லாத தரையைத்தான் அந்தக் கால ஆங்கிலேயர்கள் அப்படிச் சொன்னார்கள். இங்கே இருந்தது சிவப்பான பொடித்தரை. பந்து மெதுவாக எழும், ஒரு புள்ளிக்குப் பந்தை இருபது முப்பது முறை அடிக்க வேண்டிவரும். மழை நின்றதும் தண்ணீர் சீக்கிரம் வடியும். ஏப்ரலில் அந்த நாட்டில் புல் ஆடுவதற்குத் தயாராகி இருக்காது. ஆகவே வெளியில் ஆடும் பருவத்தைத் தொடங்கி வைக்க இந்தத் தரை வசதியாக இருந்தது.

ஆடியவர்களும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. முதலைச் சின்னச் சட்டையில் நாம் பெயர் பார்க்கிறோமே, அந்த ரெனே லகோஸ்த் இங்கே வென்றிருக்கிறார். ஜாவாவில் பிறந்த சீனர் கோ சின்-கீ 1938, 1939 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றார். ஓர் ஆசியர் பிரிட்டனின் பெரிய பட்டம் ஒன்றை வரிசையாக வென்ற செய்தியை டென்னிஸ் வரலாறு எழுதுபவர்கள் பாதிப் பேர் சொல்வதே இல்லை. எனக்கு அது மிகவும் வருத்தம். ஃப்ரெட் பெர்ரியோ 1932 முதல் 1936 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து இங்கே சாம்பியன்.

அந்தப் பெர்ரி 1937-இல் வரவில்லை. காயம் எதுவும் இல்லை. 1936 கடைசியில் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். அதாவது, டென்னிஸ் ஆடிப் பகிரங்கமாகக் காசு வாங்க ஒப்புக்கொண்டார். மூன்று முறை விம்பிள்டன் வென்றவர், ஒரு தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. விம்பிள்டன் கிளப் அவருடைய கௌரவ உறுப்பினர் பதவியைப் பறித்துக்கொண்டது. விம்பிள்டனிலும் போர்ன்மத்திலும் அவர் இனி ஆட முடியாது.

இந்தச் சட்டத்தை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரிய போட்டிகள் எல்லாம் அமெச்சூர்களுக்கு மட்டும். அமெச்சூர் என்றால் பரிசுப் பணம் வாங்காதவர். வாங்கவில்லை என்றால் வயிற்றுக்கு? வீட்டில் சொத்து இருந்தால் கவலையில்லை. சொத்து இல்லாத நல்ல ஆட்டக்காரருக்குப் போட்டி நடத்துகிறவர்கள் 'பயணச் செலவு' என்ற பெயரில் கவரில் வைத்துக் கொடுத்தார்கள். கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், சங்கத்துக்கும் தெரியும். வெளிப்படையாக வாங்கியவர் மட்டும் குற்றவாளி! அப்படி வெளியேறியவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கூடைப்பந்து அரங்கிலும் பனிச்சறுக்கு அரங்கிலும் கான்வாஸை விரித்து, ஓர் இரவு ஆட்டம், மறுநாள் அடுத்த ஊர். பாஞ்சோ கொன்சாலஸ் 1949-இல் இப்படிப் போனார். கென் ரோஸ்வால் 1957 தொடக்கத்தில். ராட் லேவர் 1962-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றுவிட்டு, மறு ஆண்டே. ஐந்து ஆண்டுகள், உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் எந்தப் பெரிய போட்டியிலும் இல்லை.

இதில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். ராமநாதன் கிருஷ்ணன், 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனவர். 1961-இல் அவரை வென்றது இதே லேவர்தான். தொழில்முறைக் குழுவை நடத்திய ஜாக் கிரேமர், கிருஷ்ணனைத் தன் குழுவுக்கு அழைத்தார். பெரிய தொகை. கிருஷ்ணன் மறுத்தார். ஒப்புக்கொண்டிருந்தால் விம்பிள்டனும் இல்லை, இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையும், அதாவது நாடுகளுக்கு இடையிலான அணிப் போட்டியும், இல்லை. 1966-இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனதே, அதற்கு அவர் இருந்தார் என்பது நம் பாக்கியம். ஆனாலும் தன் தொழிலில் சம்பாதிப்பதா, தன் நாட்டுக்கு ஆடுவதா என்று ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன அந்தச் சட்டத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. சட்டம் மாறியபோது அவருக்கு 31 வயது. ஆட்டத்தின் நல்ல ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன.

சட்டம் மாறியது எப்படி? 1960-இல் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தில் ஒரு முயற்சி நடந்து, வெறும் 5 ஓட்டுக் குறைவால் தோற்றது. 1967 ஆகஸ்டில் விம்பிள்டன் கிளப்பே துணிந்து எட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்களை அழைத்து சென்டர் கோர்ட்டில் ஆடவிட்டது. இறுதியில் லேவர் ரோஸ்வாலை வென்றார். அமெச்சூர் டென்னிஸ் ஒரு வாழும் பொய் என்று சொன்னவர் அந்தக் கிளப்பின் தலைவர் ஹெர்மன் டேவிட். அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கம் ஓட்டெடுத்தது. 295-க்கு 5 என்ற கணக்கில், இனி அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவே கிடையாது என்று தீர்மானித்தது.

சர்வதேச சம்மேளனம் மிரட்டியது: 1968 ஏப்ரல் 22 முதல் பிரிட்டன் நீக்கப்படும் என்று. அந்தத் தேதியில்தான் போர்ன்மத் போட்டி தொடங்க இருந்தது. நினைத்துப் பாருங்கள், ஒரு கடற்கரை ஊர்க் கிளப், ஒரு வாரப் போட்டி, அதன் மேல் உலக டென்னிஸே வந்து நிற்கிறது! கடைசியில் மார்ச் 30 அன்று பாரிஸில் கூடிய சம்மேளனம் இறங்கி வந்தது. அந்த ஆண்டு 12 போட்டிகளை அமெச்சூர், தொழில்முறை என்று எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டது. 'ஓப்பன்' டென்னிஸ் என்பது இதுதான். அந்தப் பன்னிரண்டில் முதலாவது போர்ன்மத்.

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். தூறல், குளிர். கூட்டமும் பெரிதாக இல்லை. மதியம் 1 மணி 43 நிமிடத்துக்கு பிரிட்டனின் அமெச்சூர் ஜான் கிளிஃப்டன் முதல் சர்வீஸ் போட்டார். எதிரில் ஓவன் டேவிட்சன், ஆஸ்திரேலியர், அப்போது பிரிட்டனின் பயிற்சியாளர். முதல் புள்ளி கிளிஃப்டனுக்கு. ஆட்டம் டேவிட்சனுக்கு, 6-2, 6-3, 4-6, 8-6. ஓப்பன் டென்னிஸின் முதல் புள்ளியை எடுத்தது, ஆட்டத்தைத் தோற்ற ஓர் அமெச்சூர்.

எல்லோரும் பார்க்க வந்தது கொன்சாலஸை. இன்னும் சில நாளில் அவருக்கு நாற்பது வயது. பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு பெரிய போட்டியில் அமெச்சூர்களோடு ஆடுகிறார். இரண்டாம் சுற்றில் எதிரே மார்க் காக்ஸ்: 24 வயது, இடதுகைக்காரர், கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்தவர். முதல் செட் 6-0 கொன்சாலஸுக்கு. கூட்டம் என்ன நினைத்திருக்கும்? இருபது ஆண்டாகச் சொல்லிவந்தது சரிதான், தொழில்முறைக்காரர்கள் வேறு ஜாதி ஆட்டம் ஆடுகிறார்கள் என்று. இரண்டாம் செட் காக்ஸுக்கு, 6-2. மூன்றாவது மறுபடியும் கொன்சாலஸுக்கு, 6-4. அங்கே தோற்றிருந்தாலும் யாரும் காக்ஸைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அரங்குகளுக்குள் ஓர் இரவு ஆட்டங்கள் ஆடிப் பழகிய நாற்பது வயதுக் கால்களுக்கு, குளிரில், மெதுவான தரையில், ஐந்து செட் பெரிய பாரம். காக்ஸ் பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நான்காவது 6-3, ஐந்தாவது 6-3. ஓப்பன் போட்டியில் ஓர் அமெச்சூர் ஒரு தொழில்முறைக்காரரை வென்றது அதுவே முதல் தடவை. மறுநாள் பிரிட்டிஷ் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் காக்ஸ்.

அடுத்த சுற்றில் இன்னொரு தொழில்முறைக்காரரான ராய் எமர்சனையும் அடித்தார், 6-0, 6-1, 7-5. பன்னிரண்டு பெரும் பட்டம் வென்றவர் எமர்சன்! அரையிறுதியில் லேவர் வந்தார். முதல் செட் 6-4, அப்புறம் 6-1, 6-0. லேவர் கணக்கைத் தீர்த்துவிட்டார். தொழில்முறைக்காரர்களின் மானம் பிழைத்தது என்று சிலர் எழுதுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த வாரத்தில் இரண்டு பக்கமும் தோற்கவும் ஜெயிக்கவும் முடிந்தது. இத்தனை ஆண்டும் அது நடக்க விடாமல் தடுத்தார்களே, அதுதான் அநியாயம்.

இறுதியில் ரோஸ்வால் லேவரை வென்றார், 3-6, 6-2, 6-0, 6-3. ரோஸ்வாலுக்கு 33 வயது. பரிசு 1000 பவுண்டு. பகிரங்கமாக, கையில். பெண்கள் பட்டத்தை வென்றது வர்ஜீனியா வேட், வின்னி ஷாவை 6-4, 6-1 என்று தோற்கடித்து. வேட் பிறந்ததே போர்ன்மத்தில்தான். சொந்த ஊரில், முதல் ஓப்பன் போட்டியில் சாம்பியன். அவருக்குரிய பரிசு 300 பவுண்டு. அமெச்சூராகவே இருக்க விரும்பி அதை அவர் வாங்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் முதல் யு.எஸ். ஓப்பனை வென்றபோது 6000 டாலரை வாங்கிக்கொண்டார். ஆண்களுக்கு 1000, பெண்களுக்கு 300 என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓப்பன் டென்னிஸ் பிறந்த அன்றே அந்தச் சண்டையும் பிறந்துவிட்டது. அமெரிக்க ஆட்டக்காரர் பில்லி ஜீன் கிங்கும் தோழியரும் அதை எடுத்து நடத்தினார்கள். அது இன்னொரு மாலைக்கு உரிய பேச்சு.

அப்படிப்பட்ட போட்டி ஏன் நின்றது என்று கேட்பீர்கள். பணம் வெளிச்சத்துக்கு வந்ததும் அது எங்கே அதிகமோ அங்கே ஆட்டக்காரர்கள் போனார்கள். போவதுதானே நியாயம்? இத்தனை நாள் அவர்களுக்கு மறுக்கப்பட்டது அந்த உரிமைதான். அமெரிக்க எண்ணெய்ச் செல்வந்தர் லாமர் ஹன்டின் சுற்றுப்போட்டிகள் ஒரு பக்கம், கிராண்ட் பிரிக்ஸ் என்ற டென்னிஸ் தொடர் இன்னொரு பக்கம். நாட்காட்டி நிரம்பியது. வசந்த காலத்தில் மான்டி கார்லோ, ரோம் என்று வெயிலும் பணமும் உள்ள சிவப்புத் தரைப் போட்டிகள் இருக்கும்போது, தூறலில் நடுங்கிக்கொண்டு போர்ன்மத்துக்கு யார் வருவார்கள்? விடுமுறைக்காரர்களும் விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். இந்தப் போட்டியைத் தாங்கியது ஹோட்டலும் கிளப்பும் டிக்கெட் வாங்கும் ஊர்க்காரர்களும்தான். உலகச் சந்தை விலைக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆனாலும் உடனே விழுந்துவிடவில்லை. 1970-இல் அதே மார்க் காக்ஸ் இங்கே பட்டம் வென்றார், எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது. 1973-இல் இத்தாலியின் பனட்டா ருமேனியாவின் நஸ்டாசேயை இறுதியில் வென்றார். 1975-இல் ஸ்பெயினின் ஒரான்டெஸ், 1976-இல் போலந்தின் ஃபிபாக். வென்றவர்கள் சிவப்புத் தரையில் வளர்ந்த ஐரோப்பியர்கள். புல்லில் வளர்ந்த பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கு அந்தத் தரையில் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. உள்ளூர் நாயகன் இல்லையென்றால் உள்ளூர்க் கூட்டமும் குறையும். 1983-இல் ஸ்பெயினின் ஹிகேராஸ் வென்றதோடு போர்ன்மத்தில் அந்தச் சாம்பியன்ஷிப் முடிந்தது.

கிளப் இருக்கிறது. 1996 முதல் 1999 வரை அதே இடத்தில், அதே சிவப்புத் தரையில், வேறு பெயரில் ஓர் ஏ.டி.பி. போட்டி, அதாவது ஆண்கள் தொழில்முறைச் சுற்றுப்போட்டி, செப்டம்பரில் நடந்தது. முதல் ஆண்டு ஆல்பர்ட் கோஸ்டா, அடுத்த இரண்டு ஆண்டும் ஃபெலிக்ஸ் மன்டில்யா, இருவரும் ஸ்பானியர்கள். 2000-இல் அந்தப் போட்டி உள்ளரங்குக்கு மாறி பிரைட்டனுக்குப் போனது. அங்கே ஜெயித்தது ஓர் ஆங்கிலேயர், டிம் ஹென்மன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.